மூன்று சுழி

விருது ஓட்டோவில் வந்தது,
ரொமேனியின் மடியில், ஒரு பழைய துவாயில் சுற்றி.
மண்டபத்தில் கொடுத்த வெல்வெட் பெட்டி
ஏதோ இன்சூரன்ஸ் கம்பனிக்காரரின் பெட்டியோடு மாறிவிட்டதாம்.
அவர் பெட்டிக்குள் எங்கள் கண்ணாடி அடங்கவில்லை.

பம்பலப்பிட்டி, கடலுக்கு இறங்கும் ஒழுங்கை,
போட்டோக்கொப்பிக் கடைக்கு மேலே இரண்டு அறைகள்.
ஒன்றில் நாற்காலிகளும் தண்ணீர்க் குடமும்.
மற்றதில் தொலைபேசி, பெரிய கொப்பி, நான்.

மூன்று மொழிகளில் பொறித்திருந்தார்கள்.
சிங்களம் சரி. ஆங்கிலம் சரி.
தமிழில் மட்டும்
‘சிறந்த மணநலச் சேவைக்காக.’
இரண்டு சுழி இருக்க வேண்டிய இடத்தில்
மூன்று சுழி.

பதினொரு வருஷம் ஊருக்கெல்லாம் கலியாணம் பேசியிருக்கிறோம்,
தரகுக் காசு எங்கே என்று
சுகிர்தன் பிளேன்டீயைக் கொட்டக் கொட்டச் சிரித்தான்.
ரொமேனிக்கு விளங்கப்படுத்தக் கொஞ்ச நேரம் எடுத்தது.
அவள் சிரிக்கவில்லை.
ஒரு சுழியா, என்று மட்டும் கேட்டாள்.
ஒரு சுழிதான்.

மேடையில் வாசித்தார்களாம்:
முப்பத்தோராயிரத்து இருநூற்றுப் பதினாறு அழைப்புகள்.
எழுந்து நின்று கைதட்டினார்களாம்.
நான் போகவில்லை, அன்றிரவு என் முறை.
ஆனால் அந்தத் தொகையைக் கூட்டி அனுப்பியவள் நான்.
விண்ணப்பத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது,
உரையாடல் நிகழாத அழைப்புகளைச் சேர்க்க வேண்டாம் என்று.
சேர்க்கவில்லை.
அவை கொப்பியிலேயே கிடக்கின்றன,
என் நீலக் கையெழுத்தில்,
பக்கம் பக்கமாக: கதைக்கவில்லை, கதைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் ஒன்று வரும்.
இரவு ஒன்பதைத் தாண்டி.
ஹலோ இல்லை. அழுகை இல்லை.
ஒரு மின்விசிறி, எங்கோ தட்டித் தட்டிச் சுற்றும்.
நானும் அதிகம் சொல்வதில்லை.
இருக்கிறேன் என்பேன். கொஞ்சம் கழித்து,
இன்னும் இருக்கிறேன் என்பேன்.

ஒன்பதேகால் கோச்சி என் ஜன்னலை ஆட்டிக்கொண்டு
தெற்கே போகும்.
மூன்று நிமிஷம்.
பிறகு அதே கோச்சி
தொலைபேசிக்குள் போகும்.

கண்டுபிடிக்கக் கூடாது என்பது எங்கள் விதி.
நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.
காது தானாகச் செய்த கணக்கு அது,
யாருக்கும் சொல்லவில்லை,
கொப்பிக்கும்.

விருது வந்த கிழமையும் அந்த அழைப்பு வந்தது.
சொல்ல என்னிடம் வேறு எதுவும் இருக்கவில்லை,
மழை கூடப் பெய்யவில்லை.
எங்களுக்கு ஒரு விருது கிடைத்திருக்கிறது, என்றேன்.
மின்விசிறி தட்டியது.
அதில் எழுத்துப் பிழை, என்றேன்.
மனநலத்துக்கு மூன்று சுழி போட்டிருக்கிறார்கள்.

முதலில் ஒன்றுமில்லை.
பிறகு மூக்கால் ஒரு காற்று,
அடக்கப் பார்த்து அடங்காமல்
இன்னொன்று.

ஆணா பெண்ணா, இப்போதும் தெரியாது.
தமிழ் எழுதத் தெரிந்தவர் என்பது தெரியும்.
இரண்டு கோச்சிகளும் போய் முடிந்தபின்
வைத்துவிட்டார்.
கொப்பியில் எந்த நிரலில் எழுதுவதென்று
பேனாவோடு கனநேரம் இருந்தேன்.
‘கதைக்கவில்லை’ என்று பழக்கத்தில் கை எழுதியது.
அதை வெட்டினேன்.

கண்ணாடியைத் திருப்பி அனுப்பினால்
பிழையைத் திருத்தித் தருவார்களாம்,
வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம்.
ரொமேனி இரண்டு தரம் ஞாபகப்படுத்திவிட்டாள்.
நான் அதைக் கொப்பியின் மேல் வைத்திருக்கிறேன்,
இந்தப் பக்கத்துக் கடற்காற்று பொல்லாதது,
தாள்களைத் தூக்கிவிடும் என்று சொல்லி.

அடுத்த செவ்வாய் அழைப்பு வரவில்லை.
அதற்கு அடுத்ததும்.
நல்லதுக்கா கெட்டதுக்கா என்று கேட்க
எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.
வேறு அழைப்புகள் வருகின்றன, எடுக்கிறேன்,
இருக்கிறேன் என்கிறேன்.

ஒன்பதேகால் கோச்சி
இப்போது ஒரு தரம்தான் போகிறது.